பல்லும் பானையும்

தொல்லியல் என்றதும் பொற்குவியலையும் அரசர்களின் கல்லறைகளையும் நினைக்கிறவர்கள், பல்கலைக்கழக ஆய்வகம் ஒன்றுக்குள் நுழைந்தால் ஏமாந்துபோவார்கள். அங்கே மேசைமேல் பெரும்பாலும் உடைந்த ஓடுகளும் எலும்புத் துண்டுகளும் மண் நிரம்பிய பைகளுமே இருக்கும். என்னைக் கேட்டால், எளிய மக்களின் வாழ்வைப் பற்றிப் பொன்னைவிட இவையே அதிகம் பேசும்.

மெருகுப்பூச்சு இல்லாத மட்பாண்டத்தில் சமைக்கும்போது, கொழுப்பு அதன் நுண்துளைகளுக்குள் ஊறிச் சென்று, பல ஆயிரம் ஆண்டுகள் கழிந்தும் அங்கேயே தங்கியிருப்பதுண்டு. பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் எவர்ஷெட் தலைமையிலான குழுவினர், அந்தக் கொழுப்பிலுள்ள கார்பன் ஐசோடோப்புகளின், அதாவது ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுவகைகளின், விகிதத்தை அளந்து, பானையில் இருந்தது பாலா இறைச்சியா என்று பிரித்தறியும் முறையை வளர்த்தெடுத்தார்கள்.

பல்லின் கதை இன்னும் நுட்பமானது. எலும்பு வாழ்நாள் முழுவதும் தன்னைப் புதுப்பித்துக்கொண்டே இருக்க, பல்லின் கடினமான மேற்பூச்சான எனாமலோ இளம்பருவத்தில் உருவானபின் அவ்வாறு புதுப்பிக்கப்படுவதில்லை. ஆகவே அப்போது குடித்த நீரின் தடயமும், உணவின் வழியே வந்த ஸ்ட்ரான்சியம் என்ற தனிமத்தின் தடயமும் அதில் பதிந்திருக்கும்; இவை இடத்துக்கு இடம் மாறுபடுவதால், ஒருவர் வளர்ந்த பகுதியை ஊகிக்க உதவும். 2002இல் இங்கிலாந்தின் பழங்காலக் கல்வட்டமான ஸ்டோன்ஹெஞ்சுக்கு அருகே அகழ்ந்தெடுக்கப்பட்ட, ஏறத்தாழ 4,300 ஆண்டுகளுக்கு முற்பட்ட ஒரு மனிதரின் பற்கள், அவர் ஆல்ப்ஸ் மலைப் பகுதியில் வளர்ந்தவராக இருக்கலாம் என்பதைக் காட்டிக்கொடுத்தன. அவருடைய இடது காலில் முழங்கால் சிப்பி இல்லை. அந்தக் காயம் நெடும்பயணத்திற்கு முன்பு நேர்ந்ததா பின்பு நேர்ந்ததா என்பதை எந்த ஐசோடோப்பும் சொல்லிவிடாது.

இத்தகைய சோதனைகளுக்குப் பொருளின் ஒரு துளியையாவது அழிக்க வேண்டியிருக்கிறது. எனவே எதைச் சோதிப்பது, எதை வருங்கால ஆய்வாளருக்கு விட்டுவைப்பது என்ற வாதம் துறைக்குள் ஓயாமல் நடக்கிறது.