கெராச்சுட் மழையும் எண்பது வெள்ளிப் படகும்

கால் வலி போவதற்குள் எழுதிவிட வேண்டும், இல்லையென்றால் கோபம் ஆறிவிடும். காலையில் பினாங்குத் தீவின் தெலுக் பகாங் படகுத்துறையில் ஐம்பது வெள்ளி (மலேசிய ரிங்கிட்) என்று பேசி வைத்த படகுக்காரர், மதியம் கெராச்சுட் கடற்கரையில் மழை பிடித்ததும் எண்பது கேட்டார். ஏன் என்றால், "மழை லா." அவ்வளவுதான் விளக்கம்.

நான் எனக்காகப் போகவில்லை. அக்கா மகள் கோலாலம்பூரில் கட்டடக்கலை படிக்கிறாள். ஒரு வனக் காப்பகத்துக்கு, காட்டைக் கெடுக்காத பார்வையாளர் மையம் ஒன்றை வரைந்து கொடு என்று சொல்லியிருக்கிறார்கள். கட்டடம் கற்பனைதான், ஆனால் இடம் நிஜமாக இருக்க வேண்டுமாம். அவள் பினாங்கு தேசியப் பூங்காவைத் தேர்ந்தெடுத்தாள். அக்கா என்னைத் தேர்ந்தெடுத்தார். "நீதான் சும்மா ஊர் சுத்துறியே, அவளையும் கூட்டிட்டுப் போ." செலவு யாருடையது என்று மட்டும் சொல்லவில்லை.

எப்படிப் போவது, எவ்வளவு ஆகும் என்று வரிசையாகச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். சரி. கோலாலம்பூர் கேஎல் சென்ட்ரல் நிலையத்தில் இடிஎஸ் மின்சார ரயில், பட்டர்வொர்த்தில் இறங்கி தீவுக்கு ஃபெரி, ஃபெரித் துறையிலிருந்து 101 பஸ். தெலுக் பகாங்கில் பூங்கா வாசலுக்கே வந்துவிடலாம். பஸ்ஸுக்குச் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். வரிசை இத்தோடு முடிந்தது.

ரயிலிலேயே படத்தைக் காட்டினாள். மேற்கே கடலைப் பார்த்து, தரையிலிருந்து கூரை வரை ஒரே கண்ணாடிச் சுவர். உள்ளே ஏசி. கூரை முழுக்க சோலார் தகடுகள். "சோலார் இருக்கே மாமா, அப்ப பசுமைக் கட்டடம்தானே?"

எனக்குக் கட்டடப் படம் படிக்கத் தெரியாது. ஆனால் ஏசி பழுது பார்க்கும் கம்பெனியில் இருபது வருடம் கணக்கு எழுதியவன், கரண்ட் பில் படிக்கத் தெரியும். பினாங்கு நிலநடுக்கோட்டுக்கு ஐந்து டிகிரிதான் வடக்கே இருக்கிறது. சூரியன் கிழக்குச் சுவரைச் சுட்டுவிட்டு உச்சிக்கு ஏறி, பிறகு மேற்குச் சுவரைச் சுடும். அந்த மேற்கில் கண்ணாடியை வைத்து, உள்ளே வரும் சூட்டை விரட்ட ஏசி போட்டு, அந்த ஏசிக்கு சோலார் வாங்குவது, காலில் முள்ளைக் குத்திக்கொண்டு செருப்புக் கடைக்குப் போகிற மாதிரி. சொல்லவில்லை. கச்சான் கடலை கொறித்தேன்.

அந்தக் காடு 2003இல்தான் தேசியப் பூங்காவானது. அதற்கு முன் பந்தாய் ஆச்சே வனக் காப்பகம். நிலமும் கடலும் சேர்த்தே 2,500 ஹெக்டேருக்குக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். வாசலிலிருந்து கெராச்சுட்டுக்கு ஏற்றமும் இறக்கமுமாக ஒன்றரை மணி நேர நடை. என் செருப்பு வார் பாதியில் அறுந்தது. செருப்புப் போட்டுக்கொண்டு போனது என் தப்பு.

ஆனால் போய்ச் சேர்ந்த இடம்! கடற்கரைக்குப் பின்னால் ஒரு ஏரி. மேலே நன்னீர், அடியில் கடல்நீர், இரண்டும் கலக்காமல் அடுக்காக நிற்கும். ஒரே வீட்டில் பேசாமல் இருக்கும் அண்ணன் தம்பி போல. வெயில் காலத்தில் வற்றியும் போகும். கொஞ்சம் தள்ளி ஆமைப் பாதுகாப்பு மையம். பேராமையும் பங்குனி ஆமையும் இந்த மணலுக்கு முட்டையிட வருகின்றன. முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சுகள் இரவில் வெளிச்சம் தெரிகிற பக்கம் ஓடும். இருட்டான கரையில் அது கடல்தான், நாம் விளக்குப் போட்டால் அது காடு. அக்கா மகள் நோட்டைத் திறந்து, கடல் பக்கம் வரைந்திருந்த ஆறு விளக்குகளையும் குறுக்கே கோடு போட்டு அடித்தாள்.

அப்புறம்தான் மழை.

கரையோரம் ஒரு பொண்டோக் இருந்தது. நான்கு தூண், கால் மேல் தூக்கிய பலகைத் தரை, ஒரு கூரை. சுவரே கிடையாது. பன்னிரண்டு பேர் ஒண்டினோம். முக்கால் மணி நேரம் கொட்டித் தீர்த்தது. மழை சாய்ந்து அடித்தும் எங்கள் மேல் ஒரு சொட்டு இல்லை. இவள் டேப்பை எடுத்துக்கொண்டு எல்லார் காலுக்கும் நடுவில் தவழ ஆரம்பித்துவிட்டாள். கூரை விளிம்பு தூணைத் தாண்டி மூன்று முழம் நீண்டிருந்தது. பலகையின் வெளி ஓரம் ஒரு சாண் அகலத்துக்கு மட்டும் கருத்து நனைந்திருந்தது. அதற்கு உள்ளே தூசு அப்படியே கிடக்க, தூசு மேல் எறும்பு வரிசை ஒன்று அவசரமில்லாமல் போய்க்கொண்டிருந்தது.

"ஏசி இல்லாமலே குளிருது மாமா," என்றாள்.

எங்கள் எஸ்டேட் லயத்து வீடும் கால் மேல் நின்றதுதான். தகரக் கூரையிலிருந்து விழும் தண்ணீரைப் பாட்டி டிரம்மில் பிடிப்பார், ஆனால் முதல் பத்து நிமிடம் டிரம்மை நகர்த்தியே வைத்திருப்பார். "கூரை குளிக்கட்டும்டா." இலை, காக்கை எச்சம் எல்லாம் போன பிறகுதான் டிரம் உள்ளே வரும். இதைச் சொன்னதும் இவள் ஒரு ஆங்கிலப் பெயரைச் சொல்லி, இதற்கெனத் தனிக் குழாயே விற்கிறார்கள் என்றாள். உடனே கணக்கும் போட்டாள்: 200 சதுர மீட்டர் கூரை, வருடத்துக்கு 2,000 மில்லிமீட்டர் மழை என்றால் 4,00,000 லிட்டர். பினாங்கில் அதற்கு மேலேயே பெய்யும். கொஞ்சம் வழிந்து போனாலும் கழிப்பறைக்குக் குழாய்த் தண்ணீர் வேண்டியதில்லை.

கழிப்பறை என்றதும் அடுத்த சண்டை. அவள் படத்தில் மூன்று கண்காட்சிக் கூடம், கழிப்பறை இரண்டே இரண்டு. பொண்டோக்கில் ஒண்டியவர்கள் என்ன கேட்டார்கள்? கழிப்பறை எங்கே, அடுத்த படகு எப்போது, ஈரத் துணியை எங்கே மாற்றுவது. ஆமையின் அறிவியல் பெயரை ஒருவரும் கேட்கவில்லை. நடந்து களைத்து வருகிறவர்களுக்கு முதலில் உட்கார இடமும் ஒரு குவளைத் தண்ணீரும் கொடு, அப்புறம் ஆமை பற்றிச் சொல், கேட்பார்கள் என்றேன். முறைத்தாள்.

படகுக்காரரோடு பேரம் பேசி எழுபதுக்கு வந்தோம். அலையில் என் இன்னொரு செருப்பும் போனது.

ஜார்ஜ் டவுனில் நாசி கண்டார். தோளில் கண்டார் கட்டையைப் போட்டு, ஒரு பக்கம் சோறு, மறுபக்கம் குழம்பு என்று நம் தமிழ் முஸ்லிம்கள் தெருத் தெருவாகச் சுமந்து விற்ற சாப்பாடு. கோழிப் பொரியல், வெண்டைக்காய், மேலே மூன்று குழம்பும் கலந்து 'பஞ்சிர்'. வெள்ளம் என்று பொருள், அன்றைக்குப் பொருத்தமான பெயர். இரண்டு பேருக்கு முப்பது வெள்ளிக்குள் முடிந்தது. படகுக்குக் கொடுத்த காசுக்கு நான்கு பேர் சாப்பிட்டிருக்கலாம், அதை மூன்று தடவை சொல்லிவிட்டேன் என்று இவள் எண்ணிச் சொன்னாள்.

திரும்பும் ரயிலில் தைப்பிங் வருவதற்குள் மேற்குக் கண்ணாடி போய்விட்டது. கட்டடம் திரும்பி, நீளப் பக்கம் வடக்கையும் தெற்கையும் பார்த்தது. ஈப்போவில் கால் முளைத்தது. தாப்பாவில் ஒரு கண்காட்சிக் கூடத்தை அழித்து, அந்த இடத்தில் சுவரில்லாத பெரிய திண்ணை ஒன்று போட்டாள். கழிப்பறை எத்தனை என்று எட்டிப் பார்த்தேன். நோட்டை மூடிவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் அக்கா, "அவ ஷூல ஏன்டா இவ்வளவு சேறு?" என்று கேட்டார். என் செருப்பைப் பற்றியோ செலவைப் பற்றியோ இன்றுவரை ஒரு பேச்சில்லை.