ட்ரெயின் போல்ட்டில் ஒரு காந்தம்: எட்டு மாதக் கணக்கு

மண்டபத்திலிருந்து ராமநாதபுரத்துக்குத் தினமும் வேலைக்குப் போய் வர ஏறக்குறைய 80 கிலோமீட்டர். வண்டி பழைய ஸ்ப்ளெண்டர். இதில் காரில் இருப்பது போன்ற காகித ஃபில்டர் கிடையாது. ஒரு கம்பிவலை, அப்புறம் சுழற்சியில் கசடை ஓரமாக ஒதுக்குகிற ஒரு கிண்ணம், அவ்வளவுதான். கிளட்ச், கியர், பிஸ்டன் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ஆயில், அதுவும் ஒரு லிட்டர் அளவுக்குத்தான். கியர் பல் தேய்ந்து உதிர்கிற இரும்புத் தூளும் அதே ஆயிலோடு சுற்றி பேரிங் வரை போகும். அதைக் காந்தம் வைத்துப் பிடித்துப் பார்ப்போமே என்று போன ஆடியில் ஆரம்பித்தேன்.

ஆரம்பமே அசட்டுத்தனம். பழைய ஸ்பீக்கரில் இருந்து பிரித்த காந்தத்தை என்ஜினின் அடிப்பாகத்தில் வைத்தேன், பொத்தென்று காலில் விழுந்தது. அலுமினியத்தில் காந்தம் ஒட்டாது என்பது எட்டாம் வகுப்புப் பாடம். அங்கே இரும்பு என்று இருப்பது, பழைய ஆயிலை வடிக்கக் கழற்றுகிற ட்ரெயின் போல்ட் மட்டும்தான். சரி, அதன் தலையில் வெளியிலிருந்து ஒட்டினால் போல்ட்டே காந்தமாகி, உள்ளே இருக்கும் நுனி தூளைப் பிடிக்குமே என்று தோன்றியது.

கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் ஒரு செத்த ஹார்ட் டிஸ்க் கேட்டு வாங்கி வந்தேன். உள்ளே பிறை வடிவில் இரண்டு நியோடிமியம் காந்தங்கள். தகட்டிலிருந்து நெம்பும்போது ஒன்று உடைந்தது. இன்னொன்றில் மேல்பூச்சு மட்டும் ஓரத்தில் பெயர்ந்தது, பரவாயில்லை என்று போல்ட் தலையில் ஒட்டினேன். பரவாயில்லை என்று நினைத்ததுதான் தப்பு. இந்தக் காந்தத்தில் பெரும்பங்கு இரும்பு, நிக்கல் பூச்சுதான் அதற்குச் சட்டை. நம் ஊர் உப்புக்காற்று தகரக் கதவையே தின்றுவிடும், சட்டை கிழிந்த காந்தத்தை விடுமா? மூன்றே வாரத்தில் அப்பளம்போல் உப்பி உதிர்ந்துவிட்டது. ஆனாலும் 3,000 கிலோமீட்டரில் ஆயில் மாற்றியபோது போல்ட் நுனியில் மெல்லிய கறுப்புப் படலம் இருந்தது. யோசனை தப்பில்லை, இடம்தான் தப்பு. காந்தம் வெளியே இல்லை, உள்ளே ஆயிலில் இருக்க வேண்டும்.

அடுத்த கவலை சூடு. சாதாரண நியோடிமியம் 80 டிகிரிக்கு மேல் வலுவிழக்கத் தொடங்கும், இந்த வெயிலில் ஆயில் அதையும் தாண்டிவிடும். வில்லைக் காந்தம் ஒன்றை வாங்கி, அதில் தொங்கும் ஒரு அங்குல ஆணிகளை எண்ணினேன்: சரமாக ஏழு. அரை மணி நேரம் கொதிக்கும் நீரில் போட்டு, ஆறவிட்டு மறுபடி எண்ணினேன்: ஐந்து. ஆறிய பிறகும் போன வலு திரும்பவில்லை. ("பால் காய்ச்சுற பாத்திரம்டா அது" என்று அம்மா சொன்னது தனிக் கதை.) அதனால் 150 டிகிரி வரை தாங்கும் எஸ்ஹெச் ரகத்தில், 6 மில்லிமீட்டர் விட்டத்தில் இரண்டு காந்தங்கள் வரவழைத்தேன்.

ராமநாதபுரத்தில் ஒரு லேத் பட்டறையில் புது போல்ட்டின் நுனியில் குழி போட்டுக் கொடுத்தார்கள். காந்தத்தை முழுக்க உள்ளே அமுக்கிவிட்டால் சுற்றியுள்ள இரும்பே அதன் இழுப்பைத் தின்றுவிடுகிறது. 2 மில்லிமீட்டர் வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். உள்ளே எதிலும் இடிக்காது என்று அளந்து பார்த்த பிறகே மாட்டினேன். சூடு தாங்கும் பசையை மட்டும் நம்பாமல் குழியின் விளிம்பைப் பஞ்ச் வைத்துத் தட்டி இறுக்கினேன். காந்தம் கழன்று உள்ளே போனால், தூளைப் பிடிக்கப் போய் கல்லைப் போட்ட கதைதான். இன்னொன்று, வாஷரைப் புதிதாகப் போடுங்கள், முரட்டுத்தனமாக முறுக்காதீர்கள். அலுமினிய மரை அறுந்தால் செலவு வேறு மாதிரி.

அதன் பிறகு நான்கு முறை ஆயில் மாற்றியாயிற்று. போல்ட் நுனியில் சேர்வது தூள் இல்லை, கண்மை. துணியால் துடைத்தால் இழுபடுமே தவிர வராது. சப்பாத்தி மாவு உருண்டையை அழுத்தி எடுத்தால் சுத்தமாக வந்துவிடுகிறது, ஆனால் எடை பார்க்க முடியாது. எடைக்கு பெட்ரோலில் பிரஷ்ஷால் கழுவி, காயவைத்து, நண்பனின் நகைத் தராசில் வைத்தேன்: முதல் முறை 0.16 கிராம், அடுத்து 0.09, 0.08. முதல் தடவை பழைய பாக்கியும் சேர்ந்து வந்திருக்கும்.

உச்சிப்புளி மெக்கானிக் அண்ணனிடம் காட்டியபோது, விரலில் தேய்த்துப் பார்த்துவிட்டு, "மையா இருந்தா நிம்மதியா தூங்கு தம்பி. மீன் முள்ளு மாதிரி குத்துச்சுன்னா வண்டிய கொண்டா" என்றார். நான்காம் முறை குத்தியது. அரிசி நுனி அளவுக்கு ஒரு பளபளப்பான சில்லு. கிளட்ச் மூடியைத் திறந்து பார்த்தார், கிக்கர் பல்சக்கரத்தில் ஒரு பல்லின் ஓரம் உடைந்திருந்தது. அந்தச் சில்லைக் கம்பிவலையும் தடுத்திருக்கும்தான். ஆனால் வலையைப் பார்க்க அந்த மூடியைக் கழற்ற வேண்டும். ஒவ்வொரு ஆயில் மாற்றத்துக்கும் அதை யார் கழற்றுகிறார்கள்? போல்ட் எப்படியும் கைக்கு வருகிறது.

காந்தத்துக்குச் சிக்காதவையும் உண்டு. பழைய ஆயிலை மண்ணெண்ணெயில் கரைத்து வெள்ளை வேட்டித் துணியில் வடித்தேன். துணியில் நின்ற மினுக்கல்களின் மேல் காந்தத்தை ஓட்டினால் பாதி அசையவே இல்லை. பிஸ்டன் அலுமினியமாக இருக்கலாம். கிளட்ச் தகட்டுத் தூள், கரி, காற்றில் வரும் மணல் எதையும் அது தொடாது. அதனால் காந்தம் இருக்கிறதென்று ஆயிலைக் கூடுதலாக ஓட்டுவதில்லை, அதே 3,000 கிலோமீட்டர்தான். என்ஜின் ஆயுள் கூடியதா என்றால், எட்டு மாதத்தில் அதைச் சொல்ல முடியாது.

பாம்பனில் சித்தப்பாவின் விசைப்படகு இருக்கிறது. இதைக் கேட்டதிலிருந்து "எனக்கும் ஒண்ணு போட்டுக் குடுடா" என்று விடாமல் சொல்கிறார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், படகு கரையில்தான் நிற்கும், என்ஜினையும் பிரிப்பார்கள். அந்த ட்ரெயின் போல்ட்டின் அளவை எடுத்து வரச் சொல்லியிருக்கிறேன்.