முப்பத்திரண்டு வருஷமா

எங்கள் மலேசியத் தோட்டத்தில் வேலை ஓய்வு வந்தால் தோட்டத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். எதற்குக் கடிதம் என்று அண்ணன் சொல்லவும் இல்லை, நான் கேட்கவும் இல்லை. மடித்த தாளை என் மேசையில் வைத்து, "இங்லீஷ் மட்டும் கொஞ்சம் பாத்துக் குடு தம்பி" என்றார். மகனுக்கு டவுனில் வீடு கிடைக்கும்வரை ஆறு மாதம் தங்க அனுமதி கேட்டிருந்தார்.

இரண்டாவது வரியில் 'ஐ எம் ஸ்டேயிங் ஹியர் சின்ஸ் 32 இயர்ஸ்' என்று இருந்தது. செக்ரோல் (தொழிலாளர் வருகைப் பதிவேடு) திருத்த வைத்திருக்கும் சிவப்புப் பேனாவை எடுத்தேன்.

'சின்ஸ்' தப்பு என்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. பெராலிஹான் வகுப்பில் (தமிழ்ப்பள்ளி முடித்து மலாய் இடைநிலைப்பள்ளிக்குப் போகும் பிள்ளைகளுக்கான ஒரு வருட வகுப்பு) ஆசிரியர் மலாய் வழியாகச் சொல்லிக் கொடுத்தது இன்னும் மறக்கவில்லை. செஜாக் வரும் இடத்தில் சின்ஸ், செலாமா வரும் இடத்தில் ஃபார். தொடங்கிய ஆண்டைச் சொன்னால் 'சின்ஸ் 1989', எத்தனை வருடம் என்று சொன்னால் 'ஃபார் 32 இயர்ஸ்'. இந்த ஒரு விதியை வைத்துத் தோட்ட ஆபிசில் நான் பல வருடம் பெரிய ஆளாக இருந்திருக்கிறேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் 'எம் ஸ்டேயிங்' கண்ணை உறுத்தியது. 'ஐ எம் ஹேவிங் டூ பிரதர்ஸ்' என்று எழுதியதற்கு அதே ஆசிரியரிடம் நான் பிரம்படி வாங்கியவன். 'ஐஎன்ஜி'யைக் கண்டாலே இன்றும் கை கூசும். அதை வெட்டி 'ஸ்டேய்ட்' என்று போட்டேன். 'ஐ ஸ்டேய்ட் ஹியர் ஃபார் 32 இயர்ஸ்.'

அண்ணன் தாளைக் கையில் வாங்கி விரலால் அந்த இடத்தைத் தொட்டார். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவர். "தம்பி, ஸ்டேய்ட்னா இருந்தேன்னுதானே வரும்? நான் இன்னும் இருக்கேனே."

"அண்ணே, இங்லீஷ் கிராமர் அப்படித்தான். நம்ம தமிழ் மாதிரி பாக்கக் கூடாது."

"படிச்சவங்க சொன்னா சரிதான்" என்று சிரித்துவிட்டுப் போனார். அவர் சிரித்ததுதான் இன்றைக்கும் என்னை விடவில்லை.

பதில் இரண்டு வாரத்தில் வந்தது. ஆறு மாதம் கொடுக்க முடியாது, ஒரு மாதம் மட்டும். முதல் வரியிலேயே, நீங்கள் 32 வருடம் 'ஸ்டேய்ட்' என்று குறிப்பிட்டதைக் கவனத்தில் கொள்கிறோம் என்று என் வார்த்தையையே எடுத்துப் போட்டிருந்தார்கள். அன்று அதில் எனக்கு ஒன்றும் படவில்லை. இங்லீஷ் சரியாக இருந்ததால் அப்படியே எடுத்துக்கொண்டார்கள் என்றுகூட நினைத்தேன்.

இரண்டு வருடம் கழித்து மகள் பள்ளி இறுதித் தேர்வான எஸ்பிஎம்மின் 1119 இங்லீஷ் தாளுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். பயிற்சி நூலில் அண்ணன் எழுதியது மாதிரியே ஒரு வாக்கியத்தில் கோடிட்ட இடத்தை நிரப்பச் சொல்லியிருந்தது. நான் 'லிவ்ட்' என்றேன். "இல்லப்பா, 'ஹேவ் லிவ்ட்'. வெறும் லிவ்ட்னா இப்ப அங்க இல்லன்னு ஆயிடும்" என்றாள். அதற்குமேல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

என்ன நடந்ததென்று பிறகு யோசித்தேன். மலாயில் குடியிருப்பதற்கு 'திங்கால்' என்றால் நேற்றும் திங்கால்தான், இன்றும் திங்கால்தான். வினைச்சொல் காலத்துக்கு மாறாது. தமிழில் இருந்தேன் வேறு, இருக்கிறேன் வேறு. அண்ணன் தமிழ்க் காதோடு கேட்டதால் ஓட்டை எங்கே என்று அவருக்குத் தெரிந்தது. மலாயை வைத்து இங்லீஷ் பிடித்த எனக்குத் தெரியவில்லை. ஆனால் தமிழை மட்டும் நம்பியிருந்தாலும் சரியான விடை வந்திருக்காதே! 'முப்பத்திரண்டு வருஷமா இருக்கேன்' என்பதை அப்படியே போட்டால் அவர் எழுதிய 'எம் ஸ்டேயிங்'தான் வரும். அதுவும் தப்புதான். தப்பாக இருந்தாலும் உண்மையைச் சொன்ன வாக்கியம் அது. (குடியிருப்பதற்கு 'ஸ்டே' போடுவதே நம்மூர்ப் பழக்கம், 'லிவ்' என்றுதான் எழுத வேண்டும் என்கிறாள் மகள். அதை நான் தொடவே இல்லை!)

ஒரு 'ஹேவ்' விட்டுப்போனதற்காக யாரும் வீட்டைப் பறிப்பதில்லை. நிர்வாகம் ஒரு மாதம் என்று முன்பே முடிவு செய்திருக்கும். எனக்குத் தெரிந்து இதே தோட்டத்தில் யாருக்கும் ஆறு மாதம் கிடைத்ததில்லை. இதை நான் எனக்கே பல தடவை சொல்லிக்கொண்டாயிற்று. அந்தப் பதில் கடிதத்தின் முதல் வரி ஞாபகம் வரும்வரை நன்றாகத்தான் இருக்கும்.

அப்படியே இருந்தாலும், அவர் கேட்டபோது "இருங்கண்ணே, பாத்துச் சொல்றேன்" என்று சொல்ல எத்தனை நொடி ஆகியிருக்கும்? டிக்‌ஷனரி மேசை டிராயரில்தான் கிடந்தது.

போன தைப்பூசத்துக்குக் கோயிலில் அண்ணனைப் பார்த்தேன். சொல்லிவிடலாம் என்றுதான் கிட்டே போனேன். நான் வாய் திறப்பதற்குள் அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். ஃபிளாட்டில் தண்ணீர்க் குழாய் ஒழுகுகிறதாம், நிர்வாகத்துக்குப் புகார். "நீ பாத்தா சரியா இருக்கும் தம்பி."

'சின்ஸ் த்ரீ மந்த்' என்று எழுதியிருந்தார்.

"சரியாத்தான் இருக்குண்ணே" என்று மடித்துக் கொடுத்துவிட்டேன்.