எங்களோடு வேளாங்கண்ணிக்கு நடந்த பிக்கு

மகள் எம்.ஏ. முடித்தால் திருவாரூரிலிருந்து நடந்தே வருகிறோம் என்று மாதாவிடம் நேர்ந்திருந்தேன். கொடியேற்றத்தை ஒட்டிக் கிளம்பினோம். மெய்யியல் வகுப்பில் அவளோடு படித்த இலங்கை பிக்கு ஒருவரும் சேர்ந்துகொண்டார். "எங்க அம்மா எங்க நாட்டு மடு மாதா கோயிலுக்குப் போவாங்க, நானும் வர்றேன் அம்மா" என்றார்.

வழி நெடுகக் காவி உடுத்திய நடைப்பயணிகள். பிக்குவின் துறவாடையான சீவரமும் காவிதானே, பந்தலுக்குப் பந்தல் "சாப்பிட்டுப் போங்க சாமி" என்று கையைப் பிடித்தார்கள். மதியத்துக்கு மேல் அவர் சாப்பிடுவதில்லை. எலுமிச்சை ஜூஸ் மட்டும் குடித்தார்.

நாகையில் அவர் விசாரித்தது சூடாமணி விகாரம் என்ற பழைய பௌத்த மடத்தை. ராஜராஜன் காலத்தில் ஸ்ரீவிஜய அரசர் எழுப்பியது; ஆனைமங்கலம் என்ற ஊரையே சோழர் அதற்கு விட்டுக்கொடுத்தார். கடைசியாக மிஞ்சிய கோபுரத்தை 1867-இல் இடித்துவிட்டார்கள், இயேசு சபை என்ற கத்தோலிக்கத் துறவிகளின் கல்லூரிக்காக. 1883-இல் திருச்சிக்குப் போன அந்தக் கல்லூரியில்தான் என் வீட்டுக்காரர் படித்தார். எனக்குப் பேச்சே வரவில்லை. பிக்குவோ அதே சபையின் அலோசியஸ் பீரிஸ் அடிகளைப் பற்றிச் சொன்னார். இலங்கையில் பல்கலைக்கழகத்தில் மாணவராக உட்கார்ந்து பௌத்தம் படித்து முனைவரானவராம். களனியில் துலானா என்ற ஆய்வு மையம் தொடங்கி, பிக்குகளோடு வாழ்நாளெல்லாம் உரையாடியவராம். படிப்பு மனிதரை எவ்வளவு தூரம் கொண்டுவந்து சேர்க்கிறது!

வேளாங்கண்ணியில் லாட்ஜ் புரோக்கர்கள் படுத்திய பாடு சொல்லி மாளாது. மெழுகுவர்த்திக்கு இரட்டை விலை. வரிசையில் இடித்த இடியில் என் செருப்பும் போயிற்று. சரி, போகட்டும்.

மாதா முன்னால் வந்தோம். பட்டுச் சேலை, மாலை, கையில் பாலன். மகள் 'அருள் நிறைந்த மரியே' தொடங்கினாள். பிக்கு கைகூப்பி நின்று, மெல்லிய குரலில் பாலியில் ஏதோ ஓதினார். அது 'மெத்த சுத்தம்' என்னும் பௌத்த அன்புச் சூத்திரம் என்றாள் மகள். ஒரு தாய் தன் ஒரே பிள்ளையை உயிரைக் கொடுத்துக் காப்பது போல எல்லா உயிர்களிடமும் அன்பு வை என்று புத்தர் சொன்னதாம். வகுப்பில் அவர் இதைச் சொல்லித்தர, இவள் அவருக்கு இயேசுவின் மலைப்பொழிவைச் சொல்லித்தந்தாளாம். எனக்கும் இவள் ஒரே பிள்ளை. காவலர் "நகருங்க, நகருங்க" என்கிறார், என்னால் நகர முடியவில்லை. அழுதேன். தாயே, நான் கேட்டது ஒரு பட்டம்தான், நீ கொடுத்தது எவ்வளவு! அவள் அடுத்து முனைவர் பட்டம் முடித்தால் பிக்குவின் அம்மாவோடு மடுவுக்கு வருகிறேன் என்று அங்கேயே நேர்ந்துகொண்டேன்.