பேரிக்காய் மரத்துச் சக்கரம்

சென்ற அக்டோபரில், வடகிழக்குப் பருவமழை கொடைக்கானலை மூடியிருந்த ஒரு பிற்பகலில், அப்பாவின் தச்சுப் பெட்டிக்கு அடியில் கிடந்த பிஸ்கட் டின் ஒன்றைத் திறந்தேன். உள்ளே, ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகளாக நான் கையில் எடுக்காத ஒரு பிளாஸ்டிக் கார் இருந்தது. 1932ஆம் ஆண்டு ஃபோர்டு ரோட்ஸ்டரை, அதாவது திறந்த கூரை கொண்ட காரை, ஹாட் ராடாக மாற்றிய வடிவம் அது. உண்மைக் காரின் இருபத்தைந்தில் ஒரு பங்கு அளவில் செய்யப்பட்டது. அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவரவும், முடிந்த இடங்களில் மேம்படுத்தவும் எனக்கு ஐந்து மாதங்கள் ஆயின. அந்த வேலையைப் பற்றி விரிவாக எழுதிவைக்க விரும்புகிறேன்.

இந்தக் கார் எங்கள் வீட்டுக்கு வந்த வழி கொடைக்கானலின் வரலாற்றோடு சேர்ந்தது. 1845 முதல் இந்த மலையில் அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்தவர்கள் வீடு கட்டி வாழ்ந்தார்கள். அவர்களுடைய பிள்ளைகளுக்காக 1901இல் ஏரிக்கரை அருகே ஒரு பள்ளியும் தொடங்கப்பட்டது. அதனால் அமெரிக்காவில் ஐம்பதுகளின் இறுதியிலும் அறுபதுகளிலும் ஏஎம்டி, ரெவெல், மோனோகிராம் போன்ற நிறுவனங்கள் வெளியிட்ட கார் கிட்டுகள், அதாவது பாகங்களை ஒட்டிச் சேர்க்கும் மாதிரிக் கார்ப் பெட்டிகள், மதுரையில்கூடக் கிடைக்காத காலத்தில், இந்த ஊர் பங்களாக்களின் அலமாரிகளில் இருந்தன. அப்பா அந்தப் பங்களாக்களுக்கு ஜன்னலும் கதவும் செய்துகொடுத்த தச்சர். ஒரு குடும்பம் அமெரிக்காவுக்குத் திரும்பியபோது, என் வயதுப் பையன் ஒருவன் தான் ஒட்டிய காரை, பின்பக்க வலது சக்கரம் தொலைந்த நிலையில், எனக்குக் கொடுத்தான். "மூணு சக்கரத்துல நிக்கிற வண்டியப் பார்த்தா மனசு கேக்கலடா" என்று சொல்லி, அப்பா அன்று இரவே பேரிக்காய் மரத்தில் ஒரு சக்கரம் கடைந்து மாட்டினார். ஜன்னலுக்கு அடித்து மிஞ்சிய பச்சை எனாமலை உடல் முழுவதும் பூசியவரும் அவர்தான்.

ஹாட் ராட் என்றால் என்ன என்பதை அப்போது நான் அறிந்திருக்கவில்லை. 1932இல் ஃபோர்டு நிறுவனம் சாதாரண மக்கள் வாங்கக்கூடிய விலையில் எட்டு சிலிண்டர் கொண்ட வி8 எஞ்சினை அறிமுகப்படுத்தியது. 221 கன அங்குலம், 65 குதிரைத்திறன். சில ஆண்டுகளில் அந்தக் கார்கள் பழைய கார் சந்தைக்கு வந்தபோது, தெற்குக் கலிபோர்னியாவின் இளைஞர்கள் அவற்றை மலிவாக வாங்கி, மட்கார்டுகளைக் கழற்றி எறிந்து, கூடுதல் கார்புரேட்டர்களைப் பொருத்தி, மியூராக் போன்ற வறண்ட ஏரிப்படுகைகளில் வேகத்துக்காக ஓட்டினார்கள். 1937இல் அவர்களுடைய மன்றங்கள் சேர்ந்து ஒரு சங்கமாயின. போருக்குப் பிறகு, 1948 ஜனவரியில், அவர்களுக்கென்று ஒரு மாத இதழே வெளிவந்தது. ஆக, ஹாட் ராட் என்பது தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருக்கும் கார் அன்று. கிடைத்த பொருளைக் கொண்டு ஒருவர் தம் கையால் மாற்றியமைத்த கார் அது. இந்த ஒரு செய்தி பின்னால் எனக்கு மிகவும் பயன்பட்டது.

டின்னிலிருந்து எடுத்தபோது காரின் நிலை வருந்தத்தக்கதாக இருந்தது. அடிச்சட்டம் முறுக்கிக்கொண்டிருந்தது, குரோம் பூச்சு பாதி உதிர்ந்திருந்தது, கண்ணாடி மங்கியிருந்தது. எல்லாவற்றையும்விடக் கவலை அளித்தது கதவுக்குக் கீழே இருந்த ஒரு பள்ளம். இடது பின்சக்கரத்தின் டயர் கழன்று உடலின்மேல் சாய்ந்து கிடந்திருக்கிறது. அது தொட்ட இடத்தில் பிளாஸ்டிக் உருகி, டயரின் வரிகள்கூடத் தெளிவாகப் பதிந்து, பிறை வடிவில் ஒரு குழி விழுந்திருந்தது. நெருப்போ வெயிலோ படாத ஒரு பெட்டிக்குள் பிளாஸ்டிக் எப்படி உருகும் என்று பார்ப்பவர்கள் வியப்பார்கள். காரணம் டயரின் உள்ளேயே இருக்கிறது. காரின் உடல் பாலிஸ்டைரீன் என்ற கெட்டியான பிளாஸ்டிக், டயர் பிவிசி. பிவிசி இயல்பில் விறைப்பானது என்பதால், அதை ரப்பர் போல மென்மையாக்குவதற்கு ஓர் எண்ணெய் போன்ற பொருளைக் கலக்கிறார்கள். அந்த நெகிழ்வூட்டி டயருக்குள் நிலையாக நிற்பதில்லை. ஆண்டுக்கணக்கில் மெல்லக் கசிந்து, தொட்டுக்கொண்டிருக்கும் பாலிஸ்டைரீனுக்குள் இறங்கி, அதையும் இளக்கிவிடுகிறது. பழைய கிட் வைத்திருப்பவர்கள் முதலில் செய்ய வேண்டியது, இன்றே பெட்டியைத் திறந்து டயர்களை மட்டும் தனியே ஒரு காகிதத்தில் சுற்றி வைப்பதுதான்.

பள்ளத்தை அடைக்கக் கடையில் விற்கும் புட்டியை நான் பயன்படுத்தவில்லை. காலம் போகப் போகப் புட்டி சுருங்கும், உடலின் பிளாஸ்டிக்கிலிருந்து வேறாகவே நிற்கும். முதலில், இளகிப்போன பகுதியைக் கெட்டியான பிளாஸ்டிக் தென்படும் வரை சுரண்டி எடுத்தேன். பிறகு வேறொரு கிட்டில் பாகங்களைத் தாங்கியிருந்து மிஞ்சிய பாலிஸ்டைரீன் சட்டத் துண்டுகளை நறுக்கி, பிளாஸ்டிக் ஒட்டும் திரவத்தில் ஓர் இரவு ஊறவிட்டு, தேன் பதத்துக்கு வந்ததும் பள்ளத்தில் இட்டேன். இந்தக் கூழ் உடலோடு உடலாகவே கரைந்து சேர்ந்துவிடும். அவசரம் மட்டும் கூடாது. மேலே தொட்டால் உலர்ந்ததாகத் தெரிந்தாலும் உள்ளே திரவம் ஆவியாகிக்கொண்டே இருக்கும். அதற்குள் தேய்த்தால் சில நாளில் அந்த இடம் உள்வாங்கிவிடும். மூன்று வாரம் காத்திருந்து, 400, 800, 1500 என்று உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்த பிறகு, பள்ளம் இருந்த இடத்தை விரல் நுனியால்கூடக் கண்டுபிடிக்க முடியவில்லை.

பழைய பசையை விடுவிக்கக் காரைச் சில மணி நேரம் குளிர்பெட்டியின் உறைநிலை அறையில் வைத்தேன். குளிரில் பசை நொறுங்கும் தன்மை பெறுவதால், மெல்லிய கத்தி அலகை இணைப்பில் செலுத்தி லேசாகத் திருகியதும் பெரும்பாலான பாகங்கள் பிரிந்தன. அடிச்சட்டத்தின் முறுக்கை வெந்நீரில் எடுத்தேன். கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கும் எங்கள் ஊரில் தண்ணீர் 93 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும். பாலிஸ்டைரீன் நூறு டிகிரியை நெருங்கும்போது வடிவம் இழக்கும் பொருள் என்பதால், இந்த வேலைக்கு மலை ஊர் சற்றுப் பாதுகாப்பானது என்றுகூடச் சொல்லலாம். ஆயினும், கொதித்த நீரைச் சிறிது ஆறவிட்டே சட்டத்தை அமிழ்த்தினேன். எடுத்ததும் தடித்த கண்ணாடிப் பலகையின்மேல் வைத்து, நான்கு மூலையிலும் எடை ஏற்றி, ஓர் இரவு விட்டுவிட்டேன்.

அப்பா பூசிய பச்சை எனாமலைப் பிரேக் ஆயிலில் ஊறவைத்து எடுத்தேன். எனாமல் தோலாகச் சுருண்டு வந்தது; மடிப்புகளில் ஒட்டியிருந்ததைப் பழைய பல் துலக்கும் பிரஷால் சோப்பு நீரில் தேய்த்தேன். கையுறையும், திறந்த ஜன்னலும், வேலை முடிந்ததும் அந்த ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாமல் மெக்கானிக் கடையில் ஒப்படைக்கும் பொறுப்பும் இதற்கு அவசியம். அசிட்டோனையும் தின்னரையும் பாலிஸ்டைரீன் அருகே கொண்டுவரவே கூடாது. அவை பெயிண்டோடு காரையும் கரைத்துவிடும். மங்கிய குரோம் உண்மையில் மிக மெல்லிய அலுமினியப் படலம் என்பதால், துணி வெளுக்கும் ப்ளீச்சில் இட்டதும் சில நிமிடங்களில் மறைந்தது.

புதிய பெயிண்டை ஜனவரிக்குத்தான் தொடங்கினேன். மழைக்காலத்தில் மேகம் வீட்டுக்குள்ளேயே நடமாடும் ஊர் இது. லாக்கர் பெயிண்ட் உலரும்போது அதன் கரைப்பான் ஆவியாகி மேற்பரப்பைக் குளிர்விக்கிறது. ஈரக்காற்று அங்கே நீராகப் படிந்து, பெயிண்டின்மேல் பால் படர்ந்தாற்போல வெண்மை தட்டிவிடுகிறது. நவம்பரில் ஒரு துண்டில் சோதித்துப் பார்த்தபோது எனக்கு நேர்ந்தது அதுதான். 1899இல் இந்த மலையில் சூரிய ஆய்வுக்கூடம் அமைத்தவர்கள் எங்கள் தெளிந்த வானத்தை நம்பித்தான் வந்தார்கள். அந்த வானம் தை மாதத்தில் முழுமையாகக் கிடைக்கிறது. சாம்பல் நிற ப்ரைமரின்மேல் மிக மெல்லிய ஐந்து பூச்சாகக் கரும்பச்சை அடித்தேன். பச்சையை விடுவதற்கு மனம் வரவில்லை. எங்கள் வீட்டு ஜன்னல் சட்டத்தில் உரிந்த ஒரு செதிலை அருகில் வைத்துக்கொண்டே நிறத்தைக் கலந்தேன்.

மேம்படுத்தும் வேலையில் எனக்கு மிகுந்த நிறைவு தந்தது எஞ்சின். கிட்டில் ஸ்பார்க் பிளக்குகளுக்குக் குமிழ்கள் மட்டுமே உண்டு, வயர்கள் கிடையாது. உண்மையான வயர் ஏறக்குறைய 7 மில்லிமீட்டர் தடிமன் கொண்டது. இருபத்தைந்தால் வகுத்தால் 0.28 வருகிறது. எங்கள் ஊர் மூஞ்சிக்கல் பகுதியில் மோட்டார் காயில் கட்டும் கடையில் 32ஆம் கேஜ் செம்புக் கம்பியைக் கேட்டு வாங்கினேன்; அதன் தடிமன் 0.27. அந்தக் காலத்து ஃபோர்டு வி8இல், பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டர் எஞ்சினின் முன்முகத்தில் இருக்கும், பிளக்குகள் இருபக்கத் தலைகளின் மேற்புறத்தில் நிற்கும். டிஸ்ட்ரிபியூட்டரின் இரு பக்கத்திலும் நான்கு நான்காகத் துளையிட்டு, கம்பிகளுக்குக் கருப்பு பூசி, ஒவ்வொன்றையும் சிறிது தொய்வு விட்டு வளைத்துச் செருகினேன். விறைப்பாக நேர்கோட்டில் இழுத்தால் அது வயராகத் தெரியாது, கம்பியாகத்தான் தெரியும். எட்டு வயர்களுக்கு நான்கு மாலைகள் ஆயின. முன் கண்ணாடியைச் சட்டைப் பெட்டியின் ஒளிபுகும் மூடியிலிருந்து வெட்டி, ஃபெவிகாலால் ஒட்டினேன். உடனடிப் பசையின் ஆவி கண்ணாடியில் வெண்திரையாகப் படிந்துவிடும்.

கடைசியாக எஞ்சியது சக்கரம். சிலிக்கோனில் வார்ப்பு அச்சு எடுத்து, மீதமிருந்த இடது பின்சக்கரத்தைப் போலவே ரெசினில் ஒன்று வார்த்துப் பொருத்துவதுதான் தொடக்கத்திலிருந்தே என் திட்டம். அதற்கான அளவுகளை எடுக்கும் நாளில், அப்பா செய்ததைக் கழற்றி வெளிச்சத்தில் பார்த்தேன். விளிம்புக்குள் மூன்று படிகளாக இறங்கி நடுவில் ஒரு மிளகு அளவுக்குக் குமிழாக முடிகிற முகத்தை, நாற்காலிக் கால் கடையும் கடைசலிலேயே கடைந்திருக்கிறார்; பேரிக்காய் மரத்துக்கு இழை தெரியாத நெருக்கம் உண்டு என்பதால், அவ்வளவு சிறிய படியிலும் சிம்பு எழவில்லை. அச்சுத்துளையைக் காய்ச்சிய கம்பியால் இட்டிருக்கிறார்; துளையின் வாயில் இன்னும் கரி இருக்கிறது. குறுக்களவை அளந்தேன். மற்ற மூன்றும் 27 மில்லிமீட்டர், இது 30. சிறுவயதில் அந்தக் கார் எப்போதும் இடப்பக்கம் சாய்ந்தே நின்றதன் காரணம் அதுதான்.

அந்த எண்ணைப் பார்த்தபோது ஹாட் ராடுகளின் நிற்கும் தோரணை நினைவுக்கு வந்தது. முன்னால் சிறிய டயர், பின்னால் பெரியது. பின்பக்கம் உயர்ந்து, மூக்கு தரையை நோக்கித் தாழ்ந்திருக்கும். பெரிய பின்டயர் ஒரு சுற்றில் கூடுதல் தூரம் ஓடும் என்பதால் ஏரிப்படுகையில் உச்ச வேகத்துக்கும் அது உதவியது. முப்பதை இருபத்தைந்தால் பெருக்கினால் 750 மில்லிமீட்டர், ஏறக்குறைய 30 அங்குலம். ஒரு ஹாட் ராடின் பின்டயருக்குப் பொருந்திய அளவு. அப்பாவின் சக்கரத்தில் திருத்த வேண்டியது எதுவும் இல்லை. அதற்கு இணையாக இன்னொன்று செய்யப்படாமல் இருந்தது, அவ்வளவுதான். ரெசின் திட்டத்தைக் கைவிட்டேன்.

அப்பாவின் மரத்துண்டுகளில் நன்றாக உலர்ந்த பேரிக்காய் மரம் ஒன்று கிடைத்தது. எனக்குக் கடைசல் தெரியாது. துளைப்பான் இயந்திரத்தை மேசையில் இறுக்கி, அதில் மரத்தைச் சுழலவிட்டு, அரத்தாலும் உப்புத்தாளாலும் தேய்த்தே உருவாக்கினேன். முதல் இரண்டும் படிகள் மழுங்கி வீணாயின. மூன்றாவது 30.1 மில்லிமீட்டரில் நின்றது. அச்சுத்துளையைத் துளைப்பானால் இடாமல், சைக்கிள் ஸ்போக் துண்டு ஒன்றை அடுப்பில் காய்ச்சி இட்டேன். மரம் கருகும் மணம் அறையில் வெகுநேரம் இருந்தது. பழைய பிவிசி டயர்களில் இரண்டை மட்டும் முன்னால் மாட்டி, அவற்றுக்கும் சக்கர வளையத்துக்கும் நடுவே அலுமினியத் தாள் சுற்றினேன். நெகிழ்வூட்டி அதைக் கடந்து வராது.

மாசி மாதத்து ஒரு காலையில் காரைக் கண்ணாடிப் பலகையின்மேல் நிறுத்தி, பின்பக்கம் இருபுறமும் அளவுகோல் வைத்துப் பார்த்தேன். இரண்டு பக்கமும் 27 மில்லிமீட்டர் சக்கரத்தில் நிற்பதைவிட ஒன்றரை மில்லிமீட்டர் உயர்ந்திருந்தன, சாய்வு இல்லை.