மல்டி மெஷினுக்கு வீட்டில் செய்த மூன்று துணைப்பாகங்கள்: சறுக்குப் பலகை, தேய்ப்புத் தட்டு, துளை மேசை

மெஷின் ஒரே மோட்டரில் அறுக்கவும் சீவவும் துளையிடவும் உதவும் வழக்கமான கூட்டு வகைதான். மேலே சீவுளிக் கத்தி பூட்டிய உருளைத் தண்டு, அதன் ஒரு முனையில் 10 அங்குல வட்டவாள், மறுமுனையில் துளையிடும் அலகைப் பிடிக்கும் சக். கீழே 2 குதிரைவலு சிங்கிள் ஃபேஸ் மோட்டர், நிமிடத்துக்கு 2850 சுற்று. மோட்டரில் 4 அங்குலக் கப்பியும் தண்டில் 3 அங்குலக் கப்பியும் இருப்பதால் தண்டு ஏறக்குறைய 3800 சுற்றில் ஓடும். வாளுக்கும் சீவுளிக்கும் அந்த வேகம் வேண்டும். துணைப்பாகம் செய்பவர் மறக்கக் கூடாத எண்ணும் அதுதான். வேகத்தைக் கணக்குப் பார்க்காமல் தண்டு முனையில் எதையாவது பூட்டுவதால்தான் பாதிக்கு மேற்பட்ட தொல்லைகள் வருகின்றன.

பழைய ஜப்பான் மெஷின் வாங்கியவர்கள் முதலில் மோட்டர்த் தகட்டைப் படியுங்கள். 100 வோல்ற் மோட்டரை நமது 230 வோல்ற்றில் நேரே கொடுத்தால் சுருள் எரிந்துவிடும்.

சறுக்குப் பலகை

மேசையின் தவாளிப்பில் (நீளப் பள்ளத்தில்) சறுக்கி, மரத்தை வாளுக்குக் கொண்டுபோகும் பலகை இது. குறுக்கு வெட்டைச் செங்கோணமாக எடுக்க இதைவிட நல்ல வழி இல்லை. மெஷினோடு வரும் சின்னக் கோணமானி 300 மி.மீ அகலப் பலகைக்கே ஆடும்.

முதலில் மேசையைச் சரிபார்க்க வேண்டும். வாளின் ஒரு பல்லில் மையால் குறியிடுங்கள். அதே பல்லை முன்னுக்கும் பின்னுக்கும் சுற்றி, மேசைத் தவாளிப்பிலிருந்து அதன் தூரத்தை அளவெடுங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் 0.1 மி.மீக்கு மேல் இருந்தால் மேசையின் அடி போல்ட்டுகளைத் தளர்த்தித் திருப்ப வேண்டும். இதைச் செய்யாமல் எவ்வளவு திருத்தமான சறுக்குப் பலகை செய்தாலும் வாள் பின்பக்கம் மரத்தை உரசிக் கருக்கும்.

அடிப்பலகை 12 மி.மீ மரைன் பிளைவூட் (ஈரம் தாங்கும் பசையில் ஒட்டியது), 700 × 550 மி.மீ. மரம் சாயும் பின்தடுப்பு 18 மி.மீ பிளைவூட் இரண்டை ஒட்டி 36 மி.மீ தடிப்பு, 80 மி.மீ உயரம். வெட்டும் ஆழத்தில் 12 மி.மீ குறையும் என்பதை ஏற்றுக்கொள்ள வேண்டும்.

தவாளிப்பில் ஓடும் சட்டங்களை மரத்தில் செய்யாதீர்கள். திருகோணமலையில் மாரி தொடங்கினால் முதிரைச் சட்டமே ஊதித் தவாளிப்பில் இறுகும். கச்சான் அடிக்கும் மாதங்களில் அதே சட்டம் காய்ந்து சுருங்கி லொடலொடக்கும். சமையலறையில் மரக்கறி வெட்டும் வெள்ளைப் பிளாஸ்டிக் பலகை, அதாவது எச்.டி.பி.ஈ, இதற்கு மிகப் பொருத்தம். தண்ணீர் குடிக்காது. சூட்டுக்கு விரிந்தாலும் 19 மி.மீ அகலத்தில் அது பொருட்டல்ல. ஒரு கவனம் வேண்டும்: கூம்புத்தலைத் திருகாணி போட்டால் தலை ஆப்பு மாதிரி இறங்கிச் சட்டத்தின் இரு பக்கத்தையும் பிதுக்கும், அந்த இடத்தில் சட்டம் சிக்கும். தட்டைத்தலைத் திருகாணியைக் குழிக்குள் இறக்குங்கள். திருகாணிகள் துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும். மீன்பிடிப் படகுச் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும்.

தடுப்பின் ஒரு முனையை ஒற்றைத் திருகாணியில் நிறுத்தி, மறுமுனையைக் கிளாம்பில் பிடித்து, ஐந்து வெட்டுச் சோதனை செய்யவும். 400 மி.மீ சதுர எம்.டி.எஃப் (மரநாரை அழுத்திய பலகை) துண்டின் நான்கு பக்கத்தையும் வரிசையாக வெட்ட வேண்டும். ஒவ்வொரு முறையும் புதிதாக வெட்டிய பக்கம் தடுப்பில் சாய வேண்டும். ஐந்தாவது வெட்டில் 20 மி.மீ அகலக் கீற்று ஒன்று எடுத்து, அதன் இரு முனை அகலத்தையும் வேர்னியரில் அளவெடுங்கள். இங்கே வந்தது 20.8, 20.0. வித்தியாசம் 0.8. நான்கு வெட்டின் பிழை அதில் சேர்ந்திருப்பதால் நான்கால் வகுத்தால் 400 மி.மீக்கு 0.2 மி.மீ. தடுப்பின் சுழல் திருகாணிக்கும் கிளாம்புக்கும் இடையில் 500 மி.மீ என்றால் கிளாம்பு முனையை 0.25 மி.மீ நகர்த்த வேண்டும். ஃபீலர் கேஜ் (தடிப்புக் குறித்த மெல்லிய தகடுகள்) தகட்டை ஒரு கட்டைக்கும் தடுப்புக்கும் நடுவே வைத்து அளவாக நகர்த்தலாம். எந்தப் பக்கம் என்று குழம்ப வேண்டாம், திரும்ப வெட்டிப் பாருங்கள். பிழை இரட்டித்தால் மறுபக்கம்தான். இரண்டாம் சுற்றில் கீற்றின் வித்தியாசம் 0.1க்குள் வந்தது. கதிரைக் கால், மேசைச் சட்டம் எல்லாவற்றுக்கும் அது தாராளம்.

வாள் வெளியே வரும் இடத்தில், தடுப்பின் பின்னால் 75 மி.மீ நீளக் கட்டை ஒன்றைக் கட்டாயம் ஒட்டுங்கள். வெட்டு முடியும் நேரம் பெருவிரல் நிற்கும் இடம் அது. வாளின் மேல் அக்ரிலிக் தகடு ஒன்று பாலமாக இருக்கட்டும். பிளைவூட்டின் இரு முகத்துக்கும் ஓரங்களுக்கும் எபொக்சி ரெசின் பூச வேண்டும். படகுக்காரர் பாவிக்கும் பொலியெஸ்டர் ரெசின் மரத்தில் அவ்வளவு பிடிக்காது. ஒரு முகத்துக்கு மட்டும் பூசினால் மற்ற முகம் ஈரம் குடித்துப் பலகை வளையும்.

தேய்ப்புத் தட்டு

சாண்ட்பேப்பர் ஒட்டிச் சுழலவிட்டு மரத்தைத் தேய்க்கும் வட்டத் தட்டு இது. வாளைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் 10 அங்குலப் பிளைவூட் தட்டைப் பூட்டுவது பலர் செய்யும் வேலை. செய்யக் கூடாது. 3800 சுற்றில் தட்டின் விளிம்பு விநாடிக்கு 50 மீற்றர் வேகத்தில் ஓடும். மரம் கருகும், சாண்ட்பேப்பர் ஒரு நிமிடத்தில் பிசின் அடைத்து வழுக்கும், தட்டு பிளந்தால் துண்டுகள் பறக்கும். பக்கத்திலே சீவுளிக் கத்தியும் திறந்தபடி சுழன்றுகொண்டிருக்கும்.

ஆகவே தனித் தண்டு. 20 மி.மீ தண்டு, அதைத் தாங்க யூ.சி.பி 204 இலக்கப் பெயாரிங் கட்டை இரண்டு, அதில் 6 அங்குலக் கப்பி. மோட்டரில் 3 அங்குலமும் 4 அங்குலமும் சேர்ந்த இரட்டைக் கப்பி. பெல்ட்டைச் சீவுளித் தண்டிலிருந்து கழற்றி இதற்கு மாட்டினால்தான் தட்டு ஓடும். அதனால் கத்தித் தண்டு நின்றே இருக்கும். வேகம் 1425 சுற்று, விளிம்பில் விநாடிக்கு 19 மீற்றர். ஏ 44 பெல்ட்டுக்கு (ஏ வகை, 44 அங்குலம்) இரு தண்டுக்கும் இடைத்தூரம் 395 மி.மீ வரும். இழுத்து இறுக்க, பெயாரிங் கட்டையின் போல்ட்டுத் துளைகளை இரு பக்கமும் 20 மி.மீ நீட்டி வெட்டிக்கொள்ளுங்கள். மூன்று அங்குலத்திலும் சிறிய கப்பி போட்டால் ஏ பெல்ட் அதில் வளைந்து வளைந்து சூடேறி வெடிக்கும்.

தட்டைப் பிடிக்கும் விளிம்புத் தகடு 100 மி.மீ விட்டம், 8 மி.மீ தடிப்பு. தண்டில் ஏறும் புஷ்ஷில் (குழலில்) வெல்டிங் செய்த பிறகே லேத்தில் முகம் கடைய வேண்டும். வெல்டிங் சூடு தகட்டை இழுத்துவிடும், முன்னமே கடைந்திருந்தால் அந்தக் கூலி வீண்.

முதல் தட்டு 18 மி.மீ சாதாரணப் பிளைவூட், பூச்சு இல்லை. மார்கழியில் விளிம்பு ஆட்டம் 0.8 மி.மீக்குப் போனது. ஆட்டம் இருந்தால் தட்டு மரத்தைத் தட்டும், தேய்க்காது. வெட்டுமுகத்தில் அலை விழும். இரண்டாவது தட்டுக்கு 12 மி.மீ மரைன் பிளைவூட் இரண்டை எபொக்சியில் ஒட்டி, தண்டில் பூட்டி ஓடவிட்டு, மேசையில் கிளாம்பு போட்ட கட்டையில் உளியைத் தாங்கி முகம் சீவப்பட்டது. பிறகு இரு முகமும் எபொக்சி. டயல் கேஜில் (சிறு ஆட்டத்தை முள் காட்டும் அளவியில்) ஆட்டம் 0.1 மி.மீ.

மேசைக்கும் தட்டுக்கும் இடைவெளி 2 மி.மீ. கூடினால் சிறு துண்டு உள்ளே இழுபடும். தட்டு கீழ்நோக்கி ஓடும் பாதியில் மட்டும் மரத்தை வையுங்கள், மற்றப் பாதி மரத்தைத் தூக்கி எறியும். 80 இலக்கத் தாளில் வடிவம், 120 இலக்கத்தில் முடிப்பு.

தட்டின் கீழ்ப்பாதியை மூடிய பெட்டியிலிருந்து 63 மி.மீ பி.வி.சி குழாய் வழியாக வெக்யூம் தூசியை இழுக்கிறது. முதிரைத் தூசி பலருக்குத் தோலில் அரிப்பும் கொப்புளமும் தரும், மூக்கிலும் எரியும். முகமூடி இல்லாமல் அந்த மரத்தைத் தேய்க்க வேண்டாம். உளியையோ இரும்பையோ இதில் ஒருபோதும் தீட்டாதீர்கள். பொறி தூசிப் பெட்டிக்குள் விழுந்தால் புகை உடனே தெரியாது, கனன்று கனன்று பிறகுதான் பிடிக்கும்.

துளை மேசை

இது இன்னும் முடியவில்லை. சக்குக்கு முன்னால் முன்பின், இடவலம் நகரும் மேசை. முதலில் லாச்சித் தண்டவாளங்களில் செய்யப்பட்டது. ஆட்டம் 1 மி.மீ, 8 மி.மீ டோவல் (மூட்டில் போடும் உருளைக் குச்சி) துளை நீள்வட்டமாக வந்தது. அடுத்து 20 மி.மீ தண்டு நான்கும் நைலோன் புஷ்ஷும். வெயில் காலத்தில் வெண்ணெய் போல ஓடிய மேசை ஐப்பசி மழைக்குப் பிறகு இறுகியது. நைலோன் ஈரம் குடித்து ஊதும், எச்.டி.பி.ஈ ஊதாது. இரண்டும் வெள்ளைப் பிளாஸ்டிக் என்று மாற்றி வாங்கிவிட வேண்டாம். இப்போது பித்தளைப் புஷ்ஷும் 304 தரத் துருப்பிடிக்காத தண்டும். உப்புவெளிப் பக்கம் கடற்காற்றில் சாதாரண இரும்புத் தண்டு ஒரு கிழமையில் பொரிந்துவிடும்.

அலகு வாங்குமுன் சக்கின் பின்னாலிருந்து பார்ப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். வலஞ்சுழியாகச் சுற்றினால் வழக்கமான அலகு, இடஞ்சுழியானால் இடக்கை அலகு வேண்டும். பொளி (மூட்டுக்கான நீள்குழி) எடுக்க 12 மி.மீ எண்ட் மில்லை (பக்கத்தாலும் வெட்டும் அலகை) பக்கவாட்டில் ஓட்டும்போது சாதாரண சக் அதைப் பிடித்து வைக்காது, அலகு மெல்ல வெளியே வரும். டேப்பரில் (கூம்பு முனையில்) குத்தி அமரும் சக் என்றால் சக்கே கழன்று விழலாம். அதனால் அலகைச் சுற்றிலும் இறுக்கிப் பிடிக்கும் கொலெட் ஹோல்டரை லேத் பட்டறையில் தண்டின் மரைக்கு ஏற்பக் கடையக் கொடுத்திருக்கிறது. அது வரும்வரை மேசை டோவல் துளைக்கு மட்டும் பாவனையில் இருக்கிறது. ஆழத் தடை 30 மி.மீயில் பூட்டியிருக்கிறது.