கழுக்குன்றத்தில் அத்தை கேட்ட வரம்

முழங்கால் சரியானால் படியேறி வந்து பார்க்கிறேன் என்று அத்தை வேதகிரீஸ்வரரிடம் வேண்டிக்கொண்டிருந்தார். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, மெதுவாக ஏறலாம் என்று டாக்டர் சொன்னதுமே திருக்கழுக்குன்றத்துக்குக் கிளம்பிவிட்டோம்.

இறங்கியதுமே தொல்லை. அடிவாரம் வரை போக ஆட்டோவில் கேட்ட காசு அநியாயம். "சீக்கிரம் தரிசனம் பண்ணி வைக்கிறேன்" என்று ஒருவர் விடாமல் பின்னாலேயே வந்தார். சாமி கும்பிட வருகிறவர்களை ஏன்தான் இப்படிப் படுத்துகிறார்களோ!

500-க்கும் மேல் படிகள். டோலி வேண்டவே வேண்டாம் என்றார் அத்தை. மூச்சு வாங்கி உட்கார்ந்த இடத்திலெல்லாம், முன்பு தினமும் உச்சிவேளையில் இங்கே சாப்பிட வந்த இரண்டு கழுகுகளின் கதைதான். கல்யாணமான புதிதில் மாமாவோடு வந்தபோது பார்த்தாராம். உச்சிவேளை நெருங்க, சர்க்கரைப் பொங்கலோடு பாறையில் காத்திருந்த கோயில்காரர் பக்கத்தில் இரண்டும் வந்து இறங்கியிருக்கின்றன. அழுக்கு வெள்ளை உடம்பு, இறக்கை ஓரமெல்லாம் கறுப்பு, மஞ்சள் பூசிக் குளித்தாற்போல முடியில்லாத முகம். சாபம் பெற்ற முனிவர்கள் அல்லவா! கங்கையில் நீராடி, இங்கே உண்டு, ராமேசுவரம் போகிறவர்கள் என்பார்கள்.

கழுகு என்று நாம் சொன்னாலும் அவை மஞ்சள்முகப் பாறு என்ற பறவைகள். பாறை இடுக்கில் கூடு கட்டி, ஆணும் பெண்ணும் மாறி மாறி அடைகாக்கும். செத்ததைத் தின்று ஊரைச் சுத்தமாக வைக்கும். 1998-க்குப் பிறகு இங்கே வரவில்லை. மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் என்ற வலி ஊசிதான் நாடு முழுக்கப் பாறுகளை அழித்தது. அந்த மாடு செத்த பிறகு அதைத் தின்ற பறவைகளுக்குச் சிறுநீரகம் கெட்டது. 2006-ல் கால்நடைகளுக்கு அந்த மருந்தைத் தடை செய்தார்கள். அதற்குள் எத்தனையோ போய்விட்டன. நாம் செய்த பாவம், வேறென்ன சொல்ல.

சன்னதியில் கூட்டம் நெருக்கித் தள்ளியது. தீபாராதனை காட்டும்போது அத்தை கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டார். நாத்தனாருக்குக் குழந்தை வரம் கேட்பார் என்றுதான் நினைத்தேன். "எனக்குக் காலைக் கொடுத்துட்ட, போதும்ப்பா. அந்த ரெண்டு பேரையும் திரும்பக் கூட்டிட்டு வந்துடு" என்றார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. குருக்கள் கொடுத்த விபூதியை நான் வாங்கினேனா என்பதுகூட நினைவில்லை.

அப்புறம் சொக்கநாயகி, கீழே தாழக்கோயில் திரிபுரசுந்தரி, சங்கு தீர்த்தம் எல்லாம் பார்த்தோம். மனசு மட்டும் மலை மேலேயே நின்றுவிட்டது. வேதகிரீசா, எங்களை ஏற்றி இறக்கினாயே, இதற்கு எத்தனை பிறவி நன்றி சொன்னாலும் தீராது. அத்தை கேட்டதையும் கொடுத்துவிடு அப்பா. அவை வருகிற அன்றைக்குச் சர்க்கரைப் பொங்கல் எங்கள் குடும்பத்து உபயம்.